முழங்கால் வீக்கமும் தைலப் புட்டியும்: எலும்புப் புற்றுநோய் சிகிச்சைக்கு ஓர் எளிய விளக்கம்

நீலகிரியில் மூட்டு வலி என்றால் கை முதலில் போவது தைலப் புட்டிக்குத்தான். கொழுந்து மூட்டையைச் சுமந்து சரிவில் இறங்கியவருக்கும் பள்ளிக்கூடப் படியில் ஓடி விழுந்த பையனுக்கும் அதே யூகலிப்டஸ் தைலம், அதே ஒத்தடம். குளிர் மாதங்களில் வலி கூடினால் 'வாதம்' என்று சொல்லி முடித்துவிடுவோம். பெரும்பாலான வலி அதிலேயே அடங்கியும் விடும். அடங்காதவற்றில் மிகச் சில மட்டுமே எலும்புப் புற்றுநோய். அரிதாக வருவதாலேயே அது யார் நினைவுக்கும் வருவதில்லை. மாதக்கணக்கில் தைலமும் கட்டும் போட்ட பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

சந்தேகப்பட வேண்டிய வலிக்குச் சில குணங்கள் உண்டு. ஒரே இடத்தில் வலிக்கும், வாரம் ஏற ஏறக் கூடும், ஓய்வெடுத்தாலும் குறையாது, தூக்கத்திலிருந்து எழுப்பும். சில வாரங்களில் அந்த இடத்தில் கெட்டியான வீக்கம் தெரியும். வளரும் பிள்ளைகளுக்கு வருகிற சாதாரணக் கால்வலி இப்படி இருக்காது: அது இரண்டு காலிலும் மாலையில் வரும், காலையில் போய்விடும், நடையில் நொண்டல் இருக்காது. ஒற்றைக் காலில் மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுங்கள். உதகை, குன்னூர், கூடலூர் அரசு மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவை. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம் என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.

காரணம் தெரியாத வீக்கத்தை நீவி விடவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கட்டி வளர்ந்த எலும்பு உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருக்கும், அழுத்தினால் முறியும். முறிந்தால் கட்டியின் செல்கள் இரத்தத்தோடு சேர்ந்து சுற்றியுள்ள தசையில் பரவும், அதன்பின் அறுவை சிகிச்சை சிக்கலாகிவிடும்.

ஒரே பெயரில் வெவ்வேறு நோய்கள்

'எலும்புக்குப் போயிடுச்சு' என்று சொல்வதும் 'எலும்பில் வந்திருக்கு' என்று சொல்வதும் வேறு வேறு. மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதுதான் அதிகம் நடப்பது. அதை அந்தந்த உறுப்பின் நோயாகவே கருதி மருந்து கொடுப்பார்கள். எலும்பிலேயே பிறப்பது மொத்தப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதில் மூன்று வகைகள் முக்கியம்.

ஆஸ்டியோசர்க்கோமா பெரும்பாலும் 10 முதல் 20 வயதில், எலும்பு வேகமாக வளரும் பருவத்தில் வருகிறது. பாதிக்கும் மேல் முழங்காலைச் சுற்றித்தான்: தொடை எலும்பின் கீழ் முனை, கீழ்க்கால் எலும்பின் மேல் முனை. அடுத்து தோள்பட்டையை ஒட்டிய கை எலும்பு. ஈவிங் சர்க்கோமாவும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவதே. இடுப்பெலும்பு, விலா, நீண்ட எலும்புகளின் நடுப்பகுதி ஆகியவை அதன் இடங்கள். சில நேரம் காய்ச்சலோடு வந்து, எலும்பில் சீழ் பிடித்ததுபோல் ஏமாற்றும். கான்ட்ரோசர்க்கோமா குருத்தெலும்புச் செல்களில் உருவாவது. பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, மெதுவாக வளரும். இந்த மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. பெயர் உறுதியாகாமல் எந்த மருந்தையும் தொடங்கக் கூடாது என்று மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். எலும்பு டிபியும் எக்ஸ்ரேயில் இதைப்போலவே தெரியக்கூடும் என்பதால், டிபி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று மாதங்களைக் கடத்துவதும் தவறு.

பயாப்சியை யார் எடுக்க வேண்டும்

காலைக் காப்பாற்ற முடியுமா என்பது பெரிய அறுவை சிகிச்சை நாளில்தான் முடிவாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி முடிவு, கட்டியிலிருந்து துணுக்கு எடுக்கும் பயாப்சியன்றே ஆகிவிடுகிறது.

ஊசி போய்வந்த பாதையில் கட்டியின் செல்கள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. அதனால் பிறகு கட்டியை அகற்றும்போது அந்தத் தோல், தசைப் பாதை முழுவதையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். ஊசி சரியான இடத்தில், ஒரே தசைப் பகுதி வழியாக, பின்னர் வெட்டப்போகும் கோட்டின்மேலேயே போயிருந்தால் இழப்பு சிறிது. யாரோ ஒருவர் அவசரமாகக் குறுக்கே கீறியிருந்தாலோ, மூட்டுக்குள் அல்லது பெரிய இரத்தக்குழாயை ஒட்டிப் போயிருந்தாலோ, அகற்ற வேண்டிய சதை பெருகிவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய கால் போவதும் உண்டு. ஆகவே பயாப்சியை, இறுதி அறுவை சிகிச்சை செய்யப்போகும் மையத்தில், அந்தக் குழுவே எடுக்க வேண்டும். 'சின்னக் கட்டிதான், இங்கேயே கீறிப் பார்த்துடலாம்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எலும்பு முறிந்த நிலையில் நோயாளி வந்தாலும், காரணம் தெரியாமல் உள்ளே கம்பி போடக் கூடாது. கம்பி, கட்டியின் செல்களை எலும்பு முழுக்க இழுத்துச் சென்றுவிடும்.

வரிசையும் முக்கியம். முதலில் எக்ஸ்ரே, பிறகு அந்த எலும்பு முழுவதற்கும் மேல், கீழ் மூட்டுகள் உட்பட எம்.ஆர்.ஐ., அதற்குப் பிறகுதான் பயாப்சி. முதலில் ஊசி போட்டால் உள்ளே கசியும் இரத்தம் ஸ்கேன் படத்தைக் குழப்பும். நுரையீரலுக்கு சி.டி., மற்ற எலும்புகளுக்கு போன் ஸ்கேன் அல்லது பெட் ஸ்கேன் எடுப்பார்கள். இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ், எல்.டி.எச். என்ற நொதிகளின் அளவுகளையும் பார்ப்பார்கள். எலும்புத் துணுக்கில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்த பிறகே அதை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைக்க முடியும் என்பதால், முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் காலில் எடை ஊன்றாமல் ஊன்றுகோலோடு நடப்பது நல்லது. எஸ்டேட் ஜீப்பில் மலை இறங்கும்போது காலுக்குச் சிம்பு கட்டிப் படுக்கவைத்துக் கூட்டிப்போங்கள். குலுக்கலிலேயே எலும்பு முறிந்துவிடலாம்.

எங்கே போவது? உதகை, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோவை பக்கம்; எலும்புப் புற்றுநோய் (சர்க்கோமா) அறுவை சிகிச்சையில் பழகிய குழு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகியவை தமிழ்நாட்டின் பழைய மையங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கேரளம் பக்கம். தலச்சேரியில் மலபார் புற்றுநோய் மையம் இருக்கிறது. எல்லை தாண்டுவதாக இருந்தால் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஏன் கீமோ

'கட்டியை முதலில் எடுத்துடுங்க டாக்டர், மருந்தெல்லாம் அப்புறம்' என்பதுதான் குடும்பத்தார் வழக்கமாகக் கேட்பது. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பழைய கணக்கில் இருக்கிறது. கீமோ (புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் மருந்து) வருவதற்கு முன், 1970கள் வரை, ஆஸ்டியோசர்க்கோமா என்றால் உடனே காலை எடுத்தார்கள். பரிசோதனையில் வேறெங்கும் நோய் தெரியாதவர்களிலும் 10 பேரில் 8 பேருக்கு, பெரும்பாலும் நுரையீரலில், நோய் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக அது முன்பே பரவியிருந்ததுதான் காரணம். கால் போயும் உயிர் நிற்கவில்லை. கீமோ சேர்ந்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழானது.

கீமோவை முதலில் கொடுப்பதில் இன்னும் இரண்டு ஆதாயம்: கட்டி சுருங்கிக் கெட்டிப்படுவதால் அகற்றுவது எளிது, அகற்றிய கட்டியில் எத்தனை சதவீதம் செத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து மருந்து வேலை செய்ததா என்று அறியலாம். 90 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி. குறைவாக இருந்தால் மருந்தைக் கூட்டினால் சரியாகுமா என்று யூராமோஸ்-1 என்ற பன்னாட்டு ஆய்வு பார்த்தது. கூடுதல் மருந்தால் பயன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று 2016இல் முடிவு வெளியானது.

ஆஸ்டியோசர்க்கோமாவுக்கு வழக்கமான திட்டத்தில் மூன்று மருந்துகள்: டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், அதிக அளவு மெத்தோட்ரெக்சேட். ஏறத்தாழ 10 வாரம் கீமோ, 11ஆம் வாரம் அறுவை, பிறகு மீண்டும் கீமோ. மொத்தம் 29 வாரம். நடைமுறையில் இரத்த அணுக்கள் ஏறக் காத்திருந்து எட்டு, ஒன்பது மாதம் ஆகிவிடும். மெத்தோட்ரெக்சேட் அளவை இரத்தத்தில் தினமும் அளக்கும் வசதி இல்லாத இடங்களிலும், வேறு காரணங்களுக்காகவும், அதற்குப் பதில் ஐபாஸ்பமைடு சேர்ந்த திட்டம் இந்தியாவில் பல மையங்களில் உண்டு. அறுவைக்குப் பின் மூன்று வாரத்துக்குள் கீமோ மறுபடி தொடங்க வேண்டும். தாமதம் நோய்க்கு இடம் கொடுக்கும்.

டாக்ஸோரூபிசின் போட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், இரத்தம் அல்ல. இதயத்தைப் பலவீனமாக்கும் குணம் அதற்கு உண்டு என்பதால் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். வாழ்நாள் அளவுக்கும் வரம்பு உண்டு. ஊசி போடும் இரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும், ஆகவே மருந்தைப் பெரிய இரத்தக்குழாய்க்குக் கொண்டுபோகும் குழாயான கீமோ போர்ட் அல்லது பிக் லைன் வைக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தொடும். இடையிடையே காது கேட்கும் திறனைச் சோதிப்பார்கள். மெத்தோட்ரெக்சேட் போட்டு 24 மணி நேரத்தில் லூக்கோவோரின் என்ற முறிவு மருந்தைத் தொடங்கியே ஆக வேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும்வரை, மூன்று நான்கு நாள், மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போட்டால், மருந்து வெளியேறாமல் தேங்கி சிறுநீரகம் பழுதாகிவிடும். விந்தணு சேமிப்பு பற்றி, பருவம் எய்திய பையன்களின் பெற்றோர் முதல் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டும். கீமோ தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு.

முதலாவது காய்ச்சல். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம்தான். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்ப்பது உயிருக்கு ஆபத்து. பந்தலூரிலிருந்து கோவைக்கு இரவில் புறப்பட்டால் பல மணி நேரம் ஆகும். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிடலாம். எனவே 108ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய், நரம்பு வழியாக முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்கை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டு, பிறகு கீழே போங்கள். அங்குள்ள பணி மருத்துவருக்கு உங்கள் கதை தெரியாது. 'இன்ன மருந்து, இன்ன தேதியில் போட்டது, காய்ச்சல் வந்தால் இதைக் கொடுக்கவும்' என்று சிகிச்சை மையத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு எப்போதும் பையில் வைத்திருங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம்.

இரண்டாவது பாதை. சிஸ்பிளாட்டின் வாந்தி முதல் நாளோடு நிற்காது, இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை வரலாம். அதே உடம்போடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் நிலைமை சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் பேருந்தைப் பிடிக்காமல், முடிந்தால் ஓரிரு நாள் கீழேயே தங்கி, வாந்தி மாத்திரையை அட்டவணைப்படி (வந்த பிறகு அல்ல, வருமுன்) போட்டுவிட்டு ஏறுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மண் சரிந்தால் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலை திடீரென்று மூடும். கோத்தகிரி வழியை மனதில் வைத்து, ஊசி தேதிக்கு முந்தின நாளே இறங்கிவிடுவது நல்லது. கூடலூர் பக்கம் இதே கவலை ஜூன் முதல் ஆகஸ்ட்வரை.

அறுவை: காலைக் காப்பதும் எடுப்பதும்

அறுவையின் ஒரே விதி, கட்டியைத் தொடாமல் கட்டியை எடுப்பது. சுற்றிலும் நல்ல சதையை ஓர் உறைபோல விட்டு, எலும்பில் எம்.ஆர்.ஐ. காட்டும் எல்லைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அப்பால் அறுப்பார்கள். இந்த விளிம்பு சுத்தமாகக் கிடைத்தால், காலைக் காப்பாற்றியவருக்கும் காலை எடுத்தவருக்கும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. நல்ல மையங்களில் 10 பேரில் 8, 9 பேருக்குக் கால் தங்குகிறது.

எடுத்த எலும்பின் இடத்தை நிரப்பப் பல வழிகள் உண்டு. அதிகம் செய்வது, கீல் மூட்டோடு கூடிய உலோக எலும்பு வைப்பது. சில நாட்களிலேயே ஊன்றி நடக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. குறை: 10 பேரில் ஒருவருக்காவது கிருமி பிடிக்கும், வருடங்கள் போனால் தேயும் அல்லது தளரும், மறு அறுவை வரும். சம்மணம் போட்டு உட்காரவோ குத்துக்காலிட்டு அமரவோ முடியாது. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை வேண்டியிருக்கும். எலும்பின் நடுப்பகுதியில் கட்டி இருந்தால், அதே எலும்பை வெளியே எடுத்து, ஒரே தடவையில் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்தோ திரவ நைட்ரஜனில் உறையவைத்தோ செல்களைக் கொன்றுவிட்டு, மறுபடி அங்கேயே பொருத்துவார்கள். செலவு குறைவு, ஆனால் எலும்பு ஒட்ட மாதக்கணக்கில் ஊன்றாமல் இருக்க வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. தொடை எலும்பின் கீழ் முனையில் உள்ள வளர்ச்சித் தகடு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்க்கிறது. எட்டு வயதில் அதை எடுத்துவிட்டால் வளர்ந்து முடிக்கும்போது அந்தக் கால் ஏழெட்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். நீளும் உலோக எலும்பு ஒரு வழி, விலை அதிகம். ரொட்டேஷன்பிளாஸ்டி இன்னொன்று: முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பின்புறமாகத் திருப்பித் தொடையோடு இணைப்பார்கள், கணுக்கால் முழங்காலாக வேலை செய்யும், அதன்மேல் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளலாம். பார்க்க விசித்திரமாக இருக்கும், பெற்றோர் பலர் படத்தைப் பார்த்ததும் மறுத்துவிடுகிறார்கள். ஆனால் ஓடவும் பந்து உதைக்கவும் அந்தக் காலால் முடியும்.

முக்கிய நரம்பும் இரத்தக்குழாயும் கட்டிக்குள் மாட்டியிருந்தாலோ, கீமோவில் கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ, காலை எடுப்பதே சரி. அதைத் தோல்வியாக நினைத்து நாட்டு மருந்துக்குப் போய்த் திரும்புவதற்குள் நோய் நுரையீரலுக்குப் போயிருக்கும். இளம் வயதினர் செயற்கைக் காலில் வெகு சீக்கிரம் நடந்துவிடுகிறார்கள். எஸ்டேட் லயன் (வரிசை) வீட்டுக்குப் போகும் ஈரச் சரிவும் சீரற்ற படிகளும்தான் எதிரி. கைப்பிடிக் கம்பி ஒன்றும் முனையில் ரப்பர் தேயாத ஊன்றுகோலும் முதல் ஆறு மாதத்துக்கு அவசியம். பிசியோதெரபியைக் கீமோ நாட்களிலும் விடக் கூடாது. முழங்கால் மடக்கப் பழகாவிட்டால் தழும்பு இறுகி நிரந்தரமாக விறைத்துவிடும்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈவிங், கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாக இணங்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து மருந்துகள் மாறி மாறி, மொத்தம் 14 சுற்றுவரை போகும் திட்டம் பரவலானது. நடுவில், மூன்று மாதம் அளவில், அறுவை அல்லது கதிர்வீச்சு. இடுப்பெலும்பில் எடுக்க முடியாத இடமென்றால் ஆறு வாரக் கதிர்வீச்சு மட்டுமே போதும் என்று முடிவெடுப்பார்கள். சாதாரண வகை கான்ட்ரோசர்க்கோமாவோ கீமோவுக்கு மசியாது, கதிர்வீச்சுக்கும் அவ்வளவாக மசியாது. அதற்கு வழி முழுமையான அறுவை மட்டுமே. முதல் அறுவை அரைகுறையானால் திரும்பத் திரும்ப வரும்.

பிழைப்பார்களா?

இதை நேராகவே சொல்ல வேண்டும். பரவாத ஆஸ்டியோசர்க்கோமாவில் முழுச் சிகிச்சை முடித்தவர்களில் 100க்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். பரவாத ஈவிங்கில் ஏறத்தாழ 70 பேர். கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தால் இரண்டிலும் 20 முதல் 30 பேர். ஆனால் நுரையீரலில் மட்டும் சில கட்டிகள் இருந்து அவை அத்தனையையும் அறுவையில் எடுத்துவிட முடிந்தால், அவர்களிலும் ஒரு பகுதியினர் முழுமையாகக் குணமாகிறார்கள். எனவே 'நுரையீரலுக்குப் போயிடுச்சு' என்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவது அவசரம். கான்ட்ரோசர்க்கோமாவில் முதல் கிரேடு (வீரியம் மிகக் குறைந்த படிநிலை) என்றால் 100க்கு 90 பேர் பிழைப்பார்கள். மூன்றாம் கிரேடில் பாதிக்கும் குறையலாம்.

இந்த எண்கள் சிகிச்சையை முடித்தவர்களின் எண்கள். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு வீக்கம் வடிந்து வலி போனதும் 'சரியாயிடுச்சு' என்று நிறுத்துபவர்களுக்கு இவை பொருந்தாது. நடைமுறையில் நின்றுபோவதற்கு மருந்தைவிடப் பணமும் பயணமுமே காரணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் முதல் பயணத்திலேயே கொண்டுபோங்கள். உலோக எலும்புக்கு அதில் எவ்வளவு வரும் என்று அறுவை தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றிதழ் படிவம் வேண்டும்.

வேறு உறுப்பிலிருந்து எலும்புக்கு வந்திருந்தால்

இங்கே இலக்கு பெரும்பாலும் வலியைக் குறைத்து, எலும்பு முறியாமல் காத்து, நடமாட்டத்தைத் தக்கவைப்பது. ஒரே தடவை 8 கிரே கதிர்வீச்சு, பல நாள் கொடுப்பதைப் போலவே வலியைக் குறைக்கும். மலையிலிருந்து தினமும் இறங்க முடியாதவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். எலும்பைக் கெட்டிப்படுத்த ஜோலெட்ரோனிக் அமில ஊசி போடுவார்கள்; அதற்கு முன் சொத்தைப் பல் இருந்தால் பிடுங்கி ஆறவிட வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. தொடை எலும்பு முறியும் நிலையில் இருந்தால், முறியும் முன்பே கம்பி போடுவது எளிது. முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, தள்ளாடுவது, சிறுநீர் அடைப்பது சேர்ந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால்தான் நடை மிஞ்சும். வலிக்கு மார்பின் மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். அளவோடு கொடுக்கும்போது மலச்சிக்கல்தான் உண்மையான தொல்லை, அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புப் பராமரிப்பு வீட்டுக்கே வரும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

சிகிச்சை முடிந்தவர்கள் முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த எலும்புக்கு எக்ஸ்ரே, நெஞ்சுக்கு எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுப்பார்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள், இருமல்கூட இல்லாமல், நுரையீரலில் சிறு புள்ளியாகத்தான் வரும். அறுவையில் எடுக்க முடிகிற அளவில் அதைப் பிடிப்பதற்குத்தான் இந்தப் பயணங்கள். உலோக எலும்பு வைத்தவர்கள் தோலில் சிவப்பு, சூடு, புதிய வலி தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்ப வேண்டும்.